புளுகரின் பங்காளி

சென்ற வியாழக்கிழமை குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகில் ஏறியபோது, செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கி ஒன்றை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். உப்பும் டீசலும், யாரோ தலைக்கு வைத்த நல்லெண்ணெயும், வேறு யாரோ பட்ட பயமும் சேர்ந்து காய்ந்த மணம். அது மூக்கில் ஏறியதும் என்னை அறியாமல் சற்று ஒதுங்கி, பழைய நாட்களைப்போல உமக்கு இடம் விட்டேன். அந்த இடத்தில் ஒரு கோழிக்கூண்டு வந்து அமர்ந்தது. வழி முழுவதும் அது என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் எதற்காக நெடுந்தீவுக்குப் போனேன் என்று சொன்னால் நீர் சிரிக்கமாட்டீர். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருப்பதுதான் உம்முடைய வழக்கம். நான் வளவாளராக, பயிற்சி கொடுக்கும் பெரிய மனிதராகப் போனேன். ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கு. தலைப்பு, 'ஆக்கத்திறனை வளர்க்கும் அன்றாடப் பழக்கங்கள்'. அழைப்பிதழில் முன்னால் அடைமொழிகளும் பின்னால் பட்டங்களும் நின்றன. நடுவில் என் பெயர் கடைசிப் பஸ்ஸில் தொங்கும் பயணியைப்போல ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் கணித ஆசிரியனாக முதன்முதலில் நெடுந்தீவுக்கு மாற்றலாகி வந்த நாட்கள் உமக்கு நினைவிருக்கும். எனக்கு அந்த நாட்களில் நினைவில் நிற்பது ஒரு பொலித்தீன் பை மட்டுமே. படகு துறையை விட்டு விலகியதும் நான் அதைத் திறந்து முகத்தை உள்ளே வைத்துவிடுவேன். நெடுந்தீவு வரும்வரை உலகம் என்பது அந்தப் பைக்குள் இருந்ததுதான். அதே படகில் தினமும் வந்துபோன நீர் அங்கே கால்நடை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் எழுதுவினைஞர். சில நாட்கள் என்னைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தீர். பிறகு ஒரு காலை, அலுவலகச் செய்தி சொல்லும் குரலில் தொடங்கினீர்.

"மாஸ்ரர், எங்கடை கந்தோரிலை ஒரு சிக்கல். ஒரு குதிரை இடமாற்றம் கேட்டு விண்ணப்பிச்சிருக்கு."

நான் பையிலிருந்து முகத்தை எடுத்தேன். "என்ன?"

"குதிரை ஐசே. தீவு வெளியிலை தானா மேயுற குதிரை. கஷ்டப் பிரதேசத்திலை கன வருசம் சேவை செய்திட்டுதாம். பிள்ளையளின்ரை படிப்பையும் காரணம் காட்டியிருக்கு."

"பிறகு?"

"பிறகென்ன, பதிலாள் வந்தாத்தான் விடலாம் எண்டு மேலிடம் சொல்லிப்போட்டுது. தெற்கிலை பந்தயம் ஓடின கிழட்டுக் குதிரை ஒண்டைக் கேட்டிருக்கினம். அது வைத்தியச் சான்றிதழ் அனுப்பிப்போட்டுது. கடற்காத்து ஒத்துக்கொள்ளாதாம்."

"பிறகு?"

படகு நெடுந்தீவுத் துறையில் முட்டியபோது என் பை வெறுமையாகவே கையில் இருந்தது. வாந்தி எடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இலக்கியத்துக்கும் எனக்குமான உறவு இப்படி ஒரு வயிற்று வைத்தியமாகத் தொடங்கியது என்பதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அதன்பிறகு அது ஒழுங்காகிவிட்டது. போகும்போது உமது முறை, வரும்போது எனது முறை. சொல்பவர் சிரிக்கக்கூடாது. கேட்பவர் 'நம்பேலாது' என்று சொல்லக்கூடாது, 'பிறகு?' என்று கேட்கலாம், அவ்வளவுதான். எனது முதல் முயற்சி இப்போதும் கூசுகிறது. கல்வி அதிகாரி என் வகுப்புக்கு வந்து, இப்படிப் பின்னம் கற்பிக்கும் ஆசிரியரைத் தான் கண்டதே இல்லை என்று வியந்ததாகச் சொன்னேன். நீர் கடலைப் பார்த்தபடி கேட்டு முடித்தீர்.

"மாஸ்ரர், இது புளுகில்லை. இது பொய்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பொய் சொன்னாச் சொல்லுறவனுக்கு ஏதும் கிடைக்கும். புளுகிலை அவனுக்கு ஒண்டும் கிடையாது. கேக்கிறவனுக்குக் கொஞ்சம் புளுகம் வரும், அவ்வளவுதான்."

நம் பக்கத்தில் மனம் பூரித்துப்போவதைப் புளுகம் என்கிறோம். புளுகும் புளுகமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நீர் அடித்துச் சொன்னீர். அகராதிகளைப் புரட்டிப் பார்த்தேன், உறுதிப்படுத்த முடியவில்லை. அதுவும் உமது முறையில் சொன்ன ஒன்றாக இருக்கலாம்.

பின்னேரப் படகு காத்திருக்கிறது என்ற எண்ணம் என் பகல்களை மாற்றியது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே யன்னலுக்கு வெளியே பார்ப்பேன். குளத்தடிக்குப் போகும் மாடுகளில் எது முன்னால் போகிறது, எந்த மதிலின்மேல் காகம் உட்கார மறுக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கின. அதற்கு முன் நான் அந்தத் தீவைப் பார்த்ததே இல்லை. மாற்றல் கிடைக்காதவன் பார்ப்பதுபோல மட்டும் பார்த்திருந்தேன்.

சில நாட்களில் கையில் எதுவும் இருக்காது. அப்போது நீர் நடந்துகொண்ட விதம்தான் பயிலரங்கில் நான் சொல்லியிருக்க வேண்டியது.

"இண்டைக்கு ஒண்டும் இல்லை," என்றேன் ஒருநாள்.

"ஒண்டும் இல்லாமல் காலமை தொடக்கம் என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தனீர்?"

"மதிலைத்தான்."

"பிறகு?"

"அதிலை ஒரு கல்லுக் குறையுது."

"பிறகு?"

"விழுந்திருக்கும்."

"கீழை கிடந்ததோ?"

"இல்லை."

நீர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உதவவும் இல்லை. கரைக்கு இன்னும் தூரம் இருந்தது, நீர் காத்திருந்தீர். எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலில்தான் அந்தக் கல் தெற்கே ஒரு பலசரக்குக் கடையில் எடைக்கல்லாக வேலைக்குச் சேர்ந்தது என்று சொன்னேன். அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து முதலாளியின் நம்பிக்கையைப் பெற்றது, கடையைத் தானே வாங்கியது, வெள்ளை வேட்டியோடு ஊருக்குத் திரும்பியது, ஆனால் மதில் அதற்குப் பழைய இடத்தைக் கொடுக்க மறுக்கிறது, வாசலில் வளைவு ஒன்று கட்டித் தந்தால் யோசிக்கலாம் என்கிறது. பஸ்ஸில் ஏறிய பிறகு உமது தோள் குலுங்கியதைப் பின் இருக்கையிலிருந்து பார்த்தேன். விதியின்படி படகில் சிரிக்கக்கூடாது. பஸ்ஸுக்கு விதி இல்லை.

குதிரையின் இடமாற்றத்தை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப விரும்பியபோது உம்மிடம் கேட்டேன். அதை நான் எப்போதும் எனக்குச் சாதகமாக நினைவில் வைத்திருக்கிறேன்: நான் கேட்டேன்.

"உம்மடை பேரைப் போடுவம்," என்றேன்.

"விசரே உமக்கு? என்ரை பேர் போட்டாப் புளுகு எண்டுவினம். உம்மடை பேர் எண்டா இலக்கியம்."

மறுப்பதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாய் 'சரி' என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு உமது கதைகள் பலவும் எனது கதைகள் பலவும் ஒரே பெயரில் வந்தன, அந்தப் பெயர் ஒவ்வொரு தடவையும் என்னுடையதாக இருந்தது. பத்திரிகையை நீர் படகில் விரித்து வாசித்து, மடித்து, அதன்மேல் உட்காருவீர். "எழுத்திலை குதிரை நல்லா ஓடுது," என்றீர். இருக்கையின் ஈரத்துக்கு இலக்கியம் உதவுகிறது என்றும் சொன்னீர்.

உமக்கு ஊரில் கிடைத்த பட்டப்பெயர் புளுகர். உமது வீடு இருந்த சுருவில் சந்தியில் நீர் பஸ்ஸில் ஏறினால், "புளுகர் வாறார், தள்ளி இருங்கோ, இடம் காணாது," என்பார்கள். எனக்குப் பொன்னாடைகள் கிடைத்தன. அவை அலுமாரியில் அடுக்காக இருக்கின்றன. போர்த்த முடியாது, விரிக்க முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பூச்சி உருண்டைக்கு மட்டும் வேலை இருக்கிறது. ஒரே படகில், ஒரே பலகையில், ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவருக்குப் பட்டமும் மற்றவருக்குப் பட்டப்பெயரும் கிடைத்ததை நான் அப்போது வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தது, குதிரைக்குக் கிடைத்ததைவிட எளிதாக. அதன்பின் ஞாயிறு மாலைகளில் தொலைபேசியில் தொடர்ந்தோம். போன வருடம் உமது நெஞ்சு நின்றது. இறுதிச் சடங்கில் என்னைப் பிரபல எழுத்தாளர் என்று அழைத்து, முன்வரிசையில் ஒரு கதிரை போட்டு, சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். நீர் கடமை தவறாதவர், நேரம் தவறாதவர் என்று பேசினேன். படகு புறப்படும் நேரத்துக்குப் படகில் இருப்பதைத் தவிர நெடுந்தீவு உத்தியோகத்தருக்கு வேறு வழி இல்லை. ஆனாலும் அதைத்தான் உமது சிறப்பாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட சுத்தமான பொய் அது ஒன்றுதான். அதில் எனக்கு மரியாதை கிடைத்தது.

அதன்பிறகு நான் எழுதவில்லை. பழைய கட்டுரைகளின் தலைப்பை மாற்றி அனுப்புகிறேன். ஆசிரியபீடம் கண்டுகொள்ளவில்லை, வாசகர்கள் நடை முதிர்ந்துவிட்டது என்று எழுதுகிறார்கள்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். மண்டபம் நிறைய ஆசிரியர்கள். நான் விடியற்காலையில் எழுகிறேன் என்றேன். வெறும் தேநீரோடு யன்னலைப் பார்த்த மேசையில் அமர்கிறேன், தொலைபேசியை அணைக்கிறேன், தினமும் தனிமையில் எழுதுகிறேன் என்றேன். மேசை இருப்பது உண்மை. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியால் மினுக்குவதற்கு வைத்த உடுப்புகள் இருப்பதும் உண்மை. ஆக்கத்திறன் தனிமையில் வளரும் செடி என்றும் ஒரு வசனம் சொன்னேன். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பின்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை எழுந்தார். "சேர், இந்தக் கதையளெல்லாம் உங்களுக்குத் தனிய இருக்கேக்கையோ வாறது?"

"ஓம் பிள்ளை. தனிமைதான் முக்கியம்."

அவர் தலையாட்டிவிட்டு அமர்ந்தார். நன்றியுரை சொல்ல வந்தவரும் அவரே. வளவாளர் இந்தத் தீவுக்குப் புதியவர் அல்ல, தன்னுடைய தகப்பனாரோடு ஒரே படகில் வந்துபோனவர் என்று அவர் சொன்னபோதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். உமது மகள். உமது சடங்கில் அழுத முகங்களுக்குள் நான் கவனிக்கவில்லை; அதற்கு முன் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தார். இப்போது நீர் வேலை செய்த தீவிலேயே ஆசிரியை. எல்லோரும் கைதட்டினார்கள். என் காதுகள் இரண்டும் அடுப்பில் வைத்ததுபோலச் சுட்டன.

திரும்பும் படகில் அவர் என்னருகே வந்து அமர்ந்தார். துறை மறையும்வரை வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துவிட்டு, சொன்னேன்.

"பிள்ளை, நான் அங்கை சொன்னது சரியில்லை. தனிய இருந்து நான் ஒண்டும் எழுதேல்லை. இந்தப் படகிலை அப்பாவோடை கதைச்சுத்தான் எல்லாம் வந்தது. குதிரைக் கதை முழுக்க அப்பாவின்ரை."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்கள் நல்ல மனிசர், சேர்."

"இல்லைப் பிள்ளை, உண்மையாத்தான் சொல்லுறன்."

"எனக்கு விளங்குது. பள்ளிக்கூடத்திலை புளுகற்ரை பெட்டை எண்டு என்னைப் பகிடி பண்ணினவை. நான் வீட்டை போய் அப்பாவோடை கதைக்காமல் இருந்தனான். சாப்பாட்டுக் கோப்பையைக்கூட நானாப் போட்டுக் குடுக்கமாட்டன். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுதான் எனக்காக இப்பிடிச் சொல்லுறீங்கள். வேண்டாம் சேர். உங்கடை கதையை நீங்கள் குடுக்கத் தேவையில்லை."

நான் வாழ்நாளில் ஒரு சுருக்கமான உண்மையைச் சொன்னேன். அது ஒரு தரமான கற்பனையாக, அதுவும் கருணையோடு செய்த கற்பனையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நம்பப்படாத ஒன்றைச் சொல்லிவிட்டு அந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியும். எனக்கு அதுதான் முதல் தடவை. கடல் அமைதியாக இருந்தும் என் கை பழைய பொலித்தீன் பையைத் தேடியது.

இறங்கும்போது அவர் சொன்னார்: "அம்மா உங்களை ஒருக்கா வரச் சொன்னவ. ஏதோ கேக்கோணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை சுருவிலுக்குப் போனேன். மகள் நம்பாவிட்டாலும் மனைவி நம்புவார். உம்மோடு வாழ்ந்தவர், உமது குதிரையை உமது குதிரையாகவே அறிந்திருப்பார் என்று பஸ்ஸில் என்னைத் தேற்றிக்கொண்டேன். அவர் குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காருமுன்பே தொடங்கிவிட்டேன்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தனான். அந்தக் குதிரைக் கதை..."

"ஐயோ, உங்கடை குதிரை!" அவர் முகம் மலர்ந்தது. "அண்டைக்குப் பின்னேரம் வந்து இவர் சொன்னவர், மாஸ்ரர் இண்டைக்கு ஒரு கதை சொன்னவர் எண்டு. நான் கேட்டுச் சிரிச்சதிலை சோறு அடிப்பிடிச்சுப்போச்சு. பிள்ளையும் அறைக்கை இருந்து ஒளிச்சுக் கேட்டவள்."

"அது நான் சொன்னதில்லை அக்கா. அவர் சொன்னது. அவற்ரை கதை."

அவர் இன்னும் சிரித்தார். "இவர் இதையும் சொன்னவர். நீர் மாஸ்ரரைக் கேட்டா அது தன்ரை இல்லை எண்டுதான் சொல்லுவார், அந்த மனிசன் அப்பிடி எண்டு."

எல்லா வழியையும் அடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்.

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். கடலுக்கு வரி கட்டிய நண்டு, உமது. வெயிலை வாடகைக்கு விட்ட மனிதன், உமது. கல்லின் கதை மட்டும் என்னுடையது; அதிலும் வாசல் வளைவை விட்டுவிட்டார். எல்லாமே என் பெயரில் அந்தக் குசினிக்குள் வந்து சேர்ந்திருந்தன. நான் பத்திரிகையில் செய்ததை நீர் வீட்டில் செய்திருக்கிறீர், பத்திரிகைக்கு முன்பே.

"உங்கடை சேர்க்கை கிடைச்ச பிறகுதான் மாஸ்ரர், இவர் புளுகிறதை விட்டவர்," என்றார் அவர். "கலியாணம் முடிச்ச புதிசிலை வாயைத் திறந்தாப் புளுகுதான். நான் ஏசி ஏசி அலுத்துப்போனன். பிறகு உங்கடை கதையைக் கொண்டுவந்து சொல்லத் தொடங்கினார். அதுக்குப் பிறகுதான் இந்த வீட்டிலை எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிட்டது."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீர் சொல்லும். அவர் கேட்டுச் சிரித்தது அவருடைய கணவரின் கதையை என்று நிரூபித்திருக்க வேண்டுமா? அப்படி நிரூபித்தால், இத்தனை வருடமும் நீர் அவரிடம் சொன்னது பொய்யாகிவிடும். உமக்கு அதில் ஏதோ கிடைத்திருக்கிறதே: ஒரு மேசையும் அதைச் சுற்றி இரண்டு முகங்களும். உமது இலக்கணப்படி அது புளுகு அல்ல. நான் வாயை மூடிக்கொண்டேன். அதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு, என்னை அழைத்த காரணத்தைச் சொன்னார்.

"ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முதல்நாள் ஒரு கதை தொடங்கினவர். மாஸ்ரர் ரெலிபோனிலை சொன்ன புதுக்கதை எண்டு. இறுப்பிட்டியிலை ஒரு மனிசனாம். அயலெல்லாம் வெளிநாட்டிலை. எல்லா வீட்டுத் திறப்பும் அந்த மனிசனிட்டைத்தான். வெள்ளிக்கிழமையளிலை ஒவ்வொரு வீடாத் திறந்து கூட்டி, விளக்குக் கொளுத்திப்போட்டுப் பூட்டுவாராம். ஒரு வெள்ளி, கனகாலமாப் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து உள்ளை போனா, குசினியிலை அடுப்பு எரியுதாம். மேசையிலை ரெண்டு கோப்பைத் தேத்தண்ணி, ஆவி பறக்கப் பறக்க. ஆளைக் காணேல்லை." அவர் நிறுத்தினார். "அவ்வளவிலை தனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு, மிச்சம் நாளைக்குச் சொல்லுறன் எண்டு போய்ப் படுத்தவர்."

நீர் அந்தக் கதையை எனக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறுக்கு வைத்திருந்தீராக்கும்.

"ஆர் மாஸ்ரர் தேத்தண்ணி ஊத்தி வைச்சது? ஒரு வருசமா யோசிக்கிறன். அந்த மனிசனுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார். "அதின்ரை முடிவு எனக்கு இன்னும் சரியா வரேல்லை அக்கா," என்றேன்.

"ஆறுதலா யோசியுங்கோ. அவசரமில்லை. ஆனாப் பயப்பிடுற மாதிரி முடிக்காதேங்கோ. இவர் சொல்லேக்கை அது நல்ல வீடு மாதிரித்தான் இருந்தது."

வீட்டுக்கு வந்து மேசையிலிருந்த உடுப்புகளைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். முதலில் ஒரு கள்ளனை உள்ளே விட்டேன், பொருந்தவில்லை. வெளிநாட்டிலிருந்து சொல்லாமல் திரும்பி வந்த வீட்டுக்காரனை விட்டேன். மண்டபத்தில் கைதட்டு வாங்கும் முடிவு, அதனால் அழித்தேன். இறந்துபோன யாரையும் விடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். உம்மை அந்த மேசையில் கொண்டுவந்து உட்காரவைத்தால் எனக்கு ஆறுதல் கிடைக்கும். அதனாலேயே அது பொய்.

அந்த மனிதரை இப்போது எங்கு போனாலும் கொண்டு திரிகிறேன். பஸ்ஸிலும் வகுப்பிலும், நேற்று ஒரு பாராட்டு விழாவில் மற்றவர் பேசிக்கொண்டிருந்தபோதும், அவர் அந்தக் குசினியில் திறப்புக் கோர்வையோடு நின்றார். முடிவு கிடைத்தால் சுருவிலுக்குக் கொண்டுபோய்ச் சொல்லவேண்டும். உமது பாதியை என்னுடையது என்று உமது மனைவி நம்புகிறார். என்னுடைய பாதியை உம்முடையது என்று சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். இதை அச்சுக்குக் கொடுக்கும் எண்ணம் இதுவரை வரவில்லை. எனக்கே அது புதினமாக இருக்கிறது.

இன்று காலை கதை ஓர் அடி நகர்ந்திருக்கிறது. அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார். கோப்பையை இன்னும் தொடவில்லை. பின்பக்கம் கிணற்றடியில் யாரோ கால் கழுவும் சத்தம் கேட்கிறது. அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை, வரட்டும் என்று இருக்கிறார். வருவது யார் என்று எனக்கும் தெரியாது.